பாங்காக்கின் இரவுக்குப் பணம் கட்டுவது யார்?

பாங்காக் பெரிய அரண்மனைக்கு 500 பாட் கொடுத்து வாங்கும் நுழைவுச்சீட்டிலேயே ஒரு நாட்டியக் காட்சிக்கான அனுமதியும் சேர்ந்து வருகிறது. வெயிலில் மரகத புத்தரைப் பார்த்துக் களைத்துப்போன கூட்டத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களைச் சற்றுத் தொலைவிலுள்ள சாலா சலெர்ம்குருங் அரங்குக்கு அழைத்துப்போய், 'கோன்' என்னும் முகமூடி நாட்டியத்தின் ஒரு துண்டை அரை மணிக்கும் குறைவான நேரத்தில் ஆடிக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். குளிர்சாதனம் உண்டு, இருக்கை வசதியாக இருக்கும், கதை புரியாவிட்டாலும் பாதகமில்லை.

கோன் இப்படிக் கொறித்துவிட்டுப் போகும்படி பிறந்த கலை கிடையாது. முழுக் கதையையும் ஆடத் தொடங்கினால் வாரக்கணக்கில் நீளும். அதைச் சுருக்கியது யார்? பயணிகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்வது பாதிப் பதில்தான். காசு கொடுப்பவர் மாறிவிட்டார் என்பது முழுப் பதில்.

பாங்காக்கின் இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பாரம்பரியம்' என்று ஒரு பக்கம், 'நவீனம்' என்று மறுபக்கம் பிரித்துப் பட்டியல் போடுவது வழக்கம். கோன், குத்துச்சண்டை, கோயில் திருவிழா ஒரு பக்கம். பார், கிளப், கேபரே மறுபக்கம். இந்தப் பிரிவு எதையும் பெரிதாக விளக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. இன்று நாம் பார்க்கும் முய் தாய் குத்துச்சண்டையின் மேடையும் கையுறையும் 1920களுக்குப் பிறகு வந்தவை. 'நவீன' பார் தெருவான பட்போங்குக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிவிட்டது. ஒவ்வொரு கேளிக்கையும் யாருடைய காசில் நடக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

கோனுக்குக் காசு கொடுத்தவர் மன்னர். ஆட்டக்காரர்கள் அரண்மனையைச் சேர்ந்தவர்கள். பாங்காக்குக்கு முந்தைய தலைநகரான அயுத்தியாவின் காலத்திலிருந்தே அது அரசவையின் பெருமைக்குரிய காட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஆறாம் ராமா, வஜிராவுத், நாடகப் பித்துப் பிடித்தவர். அவர் காலத்தில் அரசவைக் குழுக்கள் செழித்தன. அடுத்து வந்த ஏழாம் ராமா சிக்கனம் பிடிக்க வேண்டிய நிலையில் இருந்தார். 1932இல் முழு முடியாட்சியே முடிவுக்கு வந்தது. அரண்மனைக் கலைஞர்கள் நுண்கலைத் துறையின் கீழ், அதாவது சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்களாக, வந்து சேர்ந்தார்கள். முன்பு ஆண்கள் மட்டுமே ஆடிய கோனில் பெண் பாத்திரங்களைப் பெண்களே ஆடுவதும் பிற்கால மாற்றம்தான்.

சாலா சலெர்ம்குருங்கும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். பாங்காக்கின் 150ஆம் ஆண்டு நினைவாக ஏழாம் ராமா கட்டத் தொடங்கி 1933இல் திறந்த அந்த இடம் நாட்டிய அரங்கே அல்ல. குளிர்சாதனம் பொருத்திய, அன்றைக்கு மிக நவீனமான சினிமா தியேட்டர். பேசும்படம் ஓடிய இடத்தில் இன்று பழங்கலை ஓடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த அரை மணிக் காட்சியிலும் ஒரு தனி ருசி உண்டு. ஆடப்படுவது ராமகியன், தாய்லாந்தின் ராமாயணம். முதலாம் ராமா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதுவித்த பாடம்தான் இன்றும் அடிப்படை. அதிலுள்ள அனுமன் நமக்குத் தெரிந்த பிரம்மச்சாரி இல்லை, பெரிய மன்மதன். சேது கட்டும்போது கற்களை அள்ளிக்கொண்டு போகும் மச்சகன்னி சுவன்னமச்சா ராவணனின் மகள். அவளை விரட்டிப் பிடிக்கப் போன அனுமன் காதலில் விழுந்து, ஒரு பிள்ளைக்கும் தகப்பனாகிறான். செத்துப்போன சீதையைப் போல வேடமிட்டு ஆற்றில் மிதந்து வரும் பெஞ்சகாய் விபீஷணனின் மகள். அவளையும் அவன் விடுவதில்லை. சின்னக் காட்சிகளில் அனுமன் மச்சகன்னியைத் துரத்தும் இந்த இடத்தைத்தான் அடிக்கடி தேர்ந்தெடுக்கிறார்கள். வசனம் புரியாதவருக்கும் துரத்தலும் குட்டிக்கரணமும் புரியும் அல்லவா. முகமூடி அணிந்தவர் பேச முடியாது என்பதால் வசனமும் பாட்டும் ஓரத்தில் அமர்ந்த குழுவிடமிருந்து வரும்; ஆட்டக்காரருக்குக் கையும் காலும்தான் மொழி.

முழு அளவில் கோன் பார்க்க வேண்டுமானால் ஆண்டிறுதியில் போக வேண்டும். 2025 அக்டோபரில் மறைந்த முன்னாள் அரசி சிரிகிட்டின் அறக்கட்டளை 2007இல் தொடங்கிவைத்த பெரிய தயாரிப்புகள் தாய்லாந்துப் பண்பாட்டு மையத்தில் நடக்கும். உடை நெசவு, முகமூடி வேலை, மேடைப் பொறிகள் என்று எல்லாவற்றிலும் செலவு தெரியும். பார்க்க வருவோரில் பெரும்பகுதியினர் தாய்லாந்துக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. கோன் மீண்டும் எழுந்தபோதும் அதற்குப் பணம் வந்தது அரண்மனைப் பக்கமிருந்துதான். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் தாய்லாந்தின் கோனும் கம்போடியாவின் முகமூடி நாடகமும் ஒரே ஆண்டில் இடம்பெற்றன. யாருடையது மூலம் என்று இரு நாட்டு இணையவாசிகளும் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மன்னருக்கு அடுத்த ரசிகர் கடவுள். ராட்சப்ரசோங் சந்திப்பில், வணிக வளாகங்களுக்கும் மேம்பால ரயிலுக்கும் நடுவே, எராவன் சன்னதி இருக்கிறது. 1950களில் அங்கே ஓட்டல் கட்டும்போது விபத்துகள் தொடர, 1956இல் நான்முகப் பிரம்மாவை நிறுவினார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் காசு கட்டினால் அங்குள்ள நாட்டியக் குழு ஆடும்; எத்தனை பேர் ஆட வேண்டும் என்பதைப் பொறுத்துக் கட்டணம். கைப்பேசியில் படம் பிடிக்கும் பயணிகள் சுற்றி நின்றாலும் ஆட்டம் அவர்களுக்கானது கிடையாது. ரசிகர் பிரம்மா, காசு பக்தருடையது. அதனால்தான் சுற்றுலாக் கூட்டம் குறைந்த மாதங்களிலும் அது நிற்காமல் நடக்கிறது. அரண்மனைக்கு அருகிலுள்ள நகரத் தூண் சன்னதியிலும் இதே ஏற்பாடு உண்டு; அங்கே 'லக்கோன் சாத்ரி' என்ற பழைய நாடகத்தின் துண்டுகளை நேர்த்திக்கடனாக ஆடுகிறார்கள். பாங்காக்கில் பாரம்பரிய ஆட்டம் பார்க்க ஒரே ஓர் இடம்தான் போக நேரமிருக்கிறது என்று கேட்பவருக்கு, இரவு விருந்தோடு நடனம் காட்டும் உணவகங்களைவிட இந்தச் சன்னதிகளைத்தான் நான் சொல்வேன். கட்டணம் இல்லை என்பது கூடுதல் வசதி.

கடவுளுக்கான இரவுகளில் பெரியது ஒன்று நமக்கு நேரடியாகச் சொந்தம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் சீலோம் சாலையில் இருக்கிறது. விஜயதசமி இரவு சீலோம், பான், சுரசக், சாத்தோர்ன் சாலைகளில் போக்குவரத்தை நிறுத்தி அம்மன் ஊர்வலம் போகும். மாலை தொடங்கி நள்ளிரவு வரை, கடைவாசல்தோறும் மேசை போட்டு, மஞ்சள் சாமந்தி மாலையும் பழமும் வைத்து, தெருவில் தேங்காய் உடைப்பவர்களில் பெரும்பான்மையினர் தாய்லாந்து பௌத்தர்கள். பட்போங் பார் தெரு இதே சீலோம் சாலையின் மறுமுனையில்தான்.

கோயில் திருவிழாக்களும் அங்கே நடக்கும் லிகாய் என்ற நாட்டுப்புற நாடகமும் இந்த வரிசையில்தான் வரும். வாட் சகேத்தின் தங்க மலைத் திருவிழா நவம்பரில், நீரில் விளக்கு மிதக்கவிடும் லோய் கிரதோங் பௌர்ணமியை ஒட்டி நடக்கும்: ராட்டினம், துப்பாக்கிச் சுடுமிடம், கரியில் வாட்டிய கணவாய். லிகாயில் கண்ணைப் பறிக்கும் ஜிகினா உடையோடு ஆடும் நாயகனுக்குப் பண நோட்டுகளைக் கோத்த மாலையைப் போடும் ரசிகைகள் உண்டு. 'மே யோக்' என்று அவர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. நாடகத்தை நடத்தித் தருவது விழாக் குழு. நடிகரின் வீட்டுச் செலவை ஓட்டுவது இந்த மாலை.

காசு கொடுப்பவர் மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்குப் பாங்காக்கிலேயே மிகத் தெளிவான சாட்சி முய் தாய். ராச்சதம்னெர்ன் அரங்கம் 1945 டிசம்பரில் திறக்கப்பட்டது. ராணுவத்தின் லும்பினி அரங்கம் 1956 டிசம்பரில். தாய்லாந்தின் எந்த மூலையில் சண்டை போட ஆரம்பித்த பையனுக்கும் இந்த இரண்டின் பட்டங்கள்தான் கனவு. பயணிகள் மேடைக்கு அருகே அதிகக் கட்டணத்தில் உட்கார, மேலே மூன்றாம் வகுப்பில் நிற்கும் ஆண்கள் கூட்டம் கையை உயர்த்தி, விரல்களை மடக்கிப் பிரித்துக் கத்திக்கொண்டிருக்கும். அவர்கள் பந்தயக்காரர்கள். பல ஆண்டுகள் இந்தக் கலைக்கு உண்மையில் சோறு போட்டவர்கள் அவர்கள்தான்.

மரபான சண்டை மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து. முதலில் பார்க்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். முதல் இரண்டு சுற்றில் இருவரும் ஒருவரையொருவர் தொட்டும் தொடாமலும் சுற்றி வருவார்கள். இது சோம்பலில்லை, அந்த நேரத்தில்தான் மேலே பந்தய விகிதம் உருவாகிறது. மூன்றாம், நான்காம் சுற்றில் சண்டை திடீரென்று பற்றிக்கொள்ளும். கட்டிப்பிடித்து முழங்காலால் இடிப்பதற்கு அரங்கமே ஒவ்வொரு இடிக்கும் சேர்ந்து குரல் கொடுக்கும். மேடையோரம் வாசிக்கும் குழலும் மேளமும் தாளமும் வேகம் பிடிக்கும். ஐந்தாம் சுற்றில் முன்னிலையில் இருப்பவர் பின்வாங்கிச் சும்மா நடப்பார். தோற்பவரும் பல நேரம் அதை ஏற்றுக்கொள்வார். குத்துச்சண்டை என்றால் கடைசி மணிவரை அடி என்று நினைத்து வந்தவருக்கு இது பித்தலாட்டம்போலத் தெரியும். பந்தயம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இனி இரண்டு பேரும் அடி வாங்கி என்ன லாபம் என்பதுதான் அதிலுள்ள கணக்கு. அடுத்த சண்டை சில வாரங்களிலேயே இருக்கும்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 6 அன்று லும்பினியில் நடந்த போட்டி தாய்லாந்தின் முதல் பெரிய தொற்றுக் கொத்துகளில் ஒன்றுக்கு இடமானது. நெருக்கியடித்து நின்று கத்தும் பந்தயக் கூட்டத்தைவிட வைரசுக்கு நல்ல இடம் கிடைக்காது. 2014இலேயே நகரின் மையத்திலிருந்து வடக்கே ராம் இந்திராவுக்குக் குடிபோயிருந்த லும்பினி, 2021இல் மீண்டும் திறந்தபோது பந்தயத்தைத் தடை செய்தது. அதுவரை மேடையைத் தொடவே கூடாது என்று விலக்கிவைத்திருந்த பெண்களும் அந்த ஆண்டு நவம்பரில் அங்கே முதல்முறையாகச் சண்டையிட்டார்கள்.

பந்தயக்காரர் போன இடத்துக்கு ஒளிபரப்பு வந்தது. 2023 ஜனவரி முதல் வெள்ளிக்கிழமைகளில் லும்பினியில் நடப்பது ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தின் போட்டிகள். மூன்றே சுற்று, மெல்லிய சிறு கையுறை, எதிராளியை வீழ்த்தினால் ஊக்கத்தொகை. முதல் மணியிலிருந்தே அடி பறக்கிறது. ராச்சதம்னெர்னும் 2022இல் மூன்று சுற்றுத் தொடர் ஒன்றைக் கொண்டுவந்து, ஒளியும் இசையுமாக அரங்கை மாற்றிக்கொண்டது. பழைய ரசிகர்கள் நுட்பம் போய்விட்டது என்று புலம்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பழைய நுட்பத்தை வளர்த்ததும் ஒரு சந்தைதான், சூதாட்டச் சந்தை. முறை தவறிய முடிவுகள், வாங்கப்பட்ட சண்டைகள் என்ற குற்றச்சாட்டுகளும் அந்தச் சந்தையோடு சேர்ந்தே வந்தவை. முதல்முறை பார்ப்பவர் மூன்று சுற்றுக்குப் போகலாம். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர் ஐந்து சுற்றுப் போட்டி எந்த நாளில் என்று விசாரித்துப் போவது நல்லது.

அப்புறம், எல்லோரும் கேட்கிற பட்போங். 1946இல் சீனக் குடியேறி ஒருவரின் குடும்பம், பின்னாளில் பட்போங்பானிச் என்று அறியப்பட்டது, சீலோமை ஒட்டி வாழைத்தோட்டமாகக் கிடந்த நிலத்தை வாங்கியது. தெரு போட்டு, கட்டடம் கட்டி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஐபிஎம், விமான நிறுவனங்கள், எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பார்கள் 1960களின் இறுதியில் வந்தன. வியட்நாம் போருக்காகத் தாய்லாந்துத் தளங்களில் அப்போது 40,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். அது போக, வியட்நாமிலிருந்து சில நாள் ஓய்வுக்காகப் படையினரைத் தாய்லாந்துக்கு அனுப்ப 1967இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. சம்பளப் பணமும் குறைந்த நாட்களும் கையிலுள்ள இளைஞர்களுக்காகப் புதுப் பெச்சபுரி சாலையில் முளைத்த பார் வரிசையை 'தங்க மைல்' என்றே அழைத்தார்கள்.

படை 1976இல் வெளியேறியது. கட்டமைப்பு அப்படியே நின்றது, ஆள் மாறினார்கள். பட்போங்குக்கு அடுத்த தனியா தெருவில் ஜப்பானிய எழுத்துப் பலகைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம், அலுவலகக் கணக்கில் விருந்து வைத்த ஜப்பானிய நிறுவனத்தார். சுகும்விட் பகுதியிலுள்ள சோய் கௌபாய், 1977இல் அங்கே பார் திறந்த முன்னாள் அமெரிக்க விமானப்படை வீரரின் தொப்பியால் பெயர் பெற்றது.

இதில் சட்டத்தின் பங்கு விசித்திரமானது. ராணுவ ஆட்சியாளர் சாரித் 1959இல் அபின் கடைகளை மூடினார். 1960இல் விபசாரத்தைச் சட்டவிரோதமாக்கினார். அவர் மறைந்த பிறகு, 1966இல் வந்த கேளிக்கை இடங்கள் சட்டம், பணிப்பெண்களை வைத்து நடத்தும் பார், நடன அரங்கு, மசாஜ் நிலையம் ஆகியவற்றுக்குக் காவல்துறை வழியாக உரிமம் தர வழி வகுத்தது. தடையும் உரிமமும் பக்கத்துப் பக்கத்தில். இடைவெளியில் லஞ்சம் ஓடியது, இன்றும் ஓடுகிறது. இந்தத் தொழிலில் பாதுகாப்பில்லாமல் நிற்பவர்கள் அங்கே வேலை செய்யும் பெண்கள்தான். பெரும்பாலோர் வடகிழக்கின் வறண்ட இசான் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பயணிக்கு வரும் ஆபத்து அதோடு ஒப்பிட்டால் சிறியது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பட்போங்கில் கையில் விலை அட்டையோடு வந்து மாடிக்கு அழைப்பவரின் பின்னால் போகாதீர்கள். ஏறும்போது சொன்ன விலையும் இறங்கும்போது வரும் ரசீதும் ஒன்றாக இருக்காது.

கேபரே வேறு கதை. திருநங்கைகள் மேடையேறும் பெரிய காட்சிகளில் பட்டாயாவின் டிஃபனி 1974இலும் பாங்காக்கின் கலிப்சோ 1988இலும் தொடங்கின. இறகு, மின்னல் உடை, உதடசைப்புப் பாட்டு. குடும்பத்தோடு பார்க்கக்கூடிய காட்சி இது. சுற்றுலாப் பேருந்துகள் கூட்டம் கூட்டமாக இறக்கிவிட்டுப் போகும். மேடையில் கிடைத்த கைதட்டல் வெளியே உரிமையாக மாற நெடுங்காலம் பிடித்தது. ஒரே பாலினத் திருமணச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அடையாள ஆவணத்தில் பாலினத்தை மாற்றிக்கொள்ளும் சட்டம் அப்போதும் வரவில்லை.

பயணிகளின் காசை நம்பாத ஓர் இரவு பாங்காக்கில் உண்டு, நகரின் மிக உற்சாகமான இரவும் அதுவே. இசானிலிருந்து வந்த டாக்சி ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள், கடைப் பணியாளர்கள் போகும் மோர் லாம் கூடங்கள். பட்டனகான் சாலையிலுள்ள இசான் தவண் டேங் அவற்றில் பெயர் பெற்றது. லாவோ மொழிக்கு நெருங்கிய இசான் பேச்சில், மூங்கில் குழல்களை அடுக்கிச் செய்த 'கேன்' என்ற ஊதுகருவியின் இசையில் பாடுவது மோர் லாம். முன்பு கிராமத்தில் இருவர் விடிய விடிய எதிர்ப்பாட்டுப் பாடிய கலை, 1980களில் மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து வேகமெடுத்தது. மேசைக்கு ஒரு பாட்டில் விஸ்கி, சோடா, வாளி நிறைய ஐஸ். பாட்டில் மிச்சமானால் பெயர் எழுதி எடுத்துவைப்பார்கள், அடுத்த முறை வந்து குடிக்கலாம். கூடவே பப்பாளிக் காய் சாலட், அரைத்த இறைச்சியில் செய்த லாப், பசைச்சோறு. பாடகருக்குப் பிடித்த பாட்டுக்காக நோட்டு மாலை இங்கேயும் விழும். வெளிநாட்டுக்காரர் போனால் யாரும் தடுக்கப்போவதில்லை, உங்களுக்காக நிகழ்ச்சியை மாற்றப்போவதும் இல்லை. சொங்கிரான் புத்தாண்டுக்கு இவர்கள் ஊருக்குப் போய்விட்டால் நகரத்தின் பாதி வேலைகள் நின்றுவிடும்.

இரவுச் சந்தைகளுக்கு வருவோம். இவற்றின் பெயர்ப் பட்டியலை நம்பிப் போகக் கூடாது. பழைய பயண நூலில் இருக்கும் சந்தை இன்று இருக்காது. லும்பினிப் பூங்கா அருகே 2001இல் வந்த சுவான் லும் சந்தை 2011இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் 2024இல் ஒன் பாங்காக் என்ற மாபெரும் வளாகம் திறந்தது. மாடியிலிருந்து பார்த்தால் வண்ணக் கூடாரங்களாகத் தெரிந்து உலகமெங்கும் படமாகப் பரவிய ரட்சதா ரயில் சந்தை 2015இல் தொடங்கி 2021இல் மூடியது. பிறகு வேறு பெயரில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. காரணம் எளிது. பெரிய கட்டடத்துக்குக் காத்திருக்கும் காலி மனையை உரிமையாளர் சில ஆண்டுகளுக்குச் சந்தைக்கு விடுகிறார். ஆற்றங்கரையில் பழைய டென்மார்க் வணிகக் கிடங்குகளில் 2012இல் திறந்த ஏசியாட்டிக் போன்றவை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், நிலமும் சந்தையும் ஒரே பெருநிறுவனத்தின் கையில் இருப்பது.

சீனர் பகுதியான யாவராத்தில் நிலக் கணக்கு நேரத்தால் தீர்க்கப்படுகிறது. மாலையில் தங்கக் கடைகள் கதவை இழுத்ததும் அதே நடைபாதையில் அடுப்பு ஏறிவிடும். 2017இல் நடைபாதைக் கடைகளை அகற்றப்போவதாக மாநகர நிர்வாகம் அறிவித்து, உலகமெங்கும் கூச்சல் எழுந்ததும் யாவராத்துக்கும் காவ் சான் சாலைக்கும் விலக்கு என்று பின்வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில்தான் சுற்றுலா ஆணையத்தின் நிதியுதவியோடு மிஷெலின் உணவக வழிகாட்டி பாங்காக்கில் கால்பதித்து, ஒரு தெருவோர நண்டு ஆம்லெட் கடைக்கு நட்சத்திரம் கொடுத்தது. ஒரு துறை அகற்றப் பார்த்ததை இன்னொரு துறை காசு கொடுத்து விளம்பரம் செய்தது. திங்கட்கிழமை யாவராத்துக்குப் போகாதீர்கள். நடைபாதைக் கடைகள் பெரும்பாலும் அன்று விடுமுறை.

கடைசியாக, மணி. 1972இல் அன்றைய ராணுவ அரசு போட்ட உத்தரவுப்படி கடையில் மது விற்பது காலை 11 முதல் பிற்பகல் 2 வரையும், மாலை 5 முதல் நள்ளிரவு வரையும் மட்டும். அரசு ஊழியர்கள் பிற்பகலில் குடித்துவிட்டு அலுவலகத்தில் தூங்குவதைத் தடுக்கத்தான் இது என்று சொல்வார்கள். அரை நூற்றாண்டாகப் பல்பொருள் கடையில் பிற்பகல் மூன்று மணிக்குப் பீரோடு நின்ற பயணிகள் காரணம் புரியாமல் விழித்தார்கள். 2025 இறுதியில்தான் அந்த இடைவெளியைச் சோதனை முறையில் தளர்த்தினார்கள். முக்கிய பௌத்தப் புனித நாட்களில் விற்பனைத் தடை, தேர்தலுக்கு முந்தைய மாலைத் தடை ஆகியவை தனி. மது அருந்த வயது 20 ஆகியிருக்க வேண்டும். 2001க்குப் பிறகு பிரதமர் தக்சினின் அரசு 'சமூக ஒழுங்கு' என்ற பெயரில் சீக்கிரம் மூடச் செய்து, சீலோம், ரட்சதா, ஆர்சிஏ (ராயல் சிட்டி அவென்யூ) போன்ற சில மண்டலங்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தது. 2023 டிசம்பரில் பாங்காக், புகெட், பட்டாயா, சியாங் மாய், சமுய் ஆகிய இடங்களில் உரிமம் பெற்ற கேளிக்கை இடங்கள் அதிகாலை 4 வரை திறந்திருக்கலாம் என்றது அன்றைய அரசு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்திருந்தார்கள். ஒழுக்கம் தேவைப்பட்டபோது கடிகாரம் பின்னால் போனது, சுற்றுலா வருமானம் தேவைப்பட்டபோது முன்னால் வந்தது.

பாதுகாப்புக் கடிகாரம் மட்டும் எப்போதும் தாமதம். 2009 புத்தாண்டு இரவில் பாங்காக்கின் சாந்திகா கிளப் தீப்பிடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 ஆகஸ்டில் சத்தஹிப்பில் இன்னொரு கிளப் எரிந்தது. உணவகம் என்று பதிவு செய்துகொண்டு கிளப்பாக நடத்துவது பழைய தந்திரம். உணவகத்துக்குத் தீயணைப்பு விதிகள் அவ்வளவு கடுமை இல்லை. உள்ளே போனதும் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அரசே நேரடியாகக் காசு பார்க்க நினைத்தது சூதாட்டத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் சூதாட்ட விடுதி, அபின், சாராயம் ஆகியவற்றின் வரி சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) அரசின் வருமானத்தில் பெரும் பங்கு. சூதாட்ட விடுதிகளை 1917இல் ஒழித்தார்கள். நூறாண்டு கழித்து, 'கேளிக்கை வளாகம்' என்ற பெயரில் கேசினோவுக்கு அனுமதி தரும் மசோதாவை 2025இல் அமைச்சரவை ஏற்றது. உள்ளே நுழையத் தாய்லாந்துக் குடிமக்கள் 5,000 பாட் கட்டணம் கட்ட வேண்டும் என்றும், ஒரு கட்டத்தில் அவர்கள் வங்கியில் 5 கோடி பாட் வைப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் வரைவில் இருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு அந்த நிபந்தனை இல்லை. தெருவில் எதிர்ப்பு, கூட்டணியில் உடைப்பு, மெலிந்த பெரும்பான்மை. 2025 ஜூலையில் மசோதாவை அரசே திரும்பப் பெற்றது. இப்போதைக்கு, சட்டத்துக்கு உட்பட்டுக் காசு வைத்து விளையாட நினைக்கும் பாங்காக் வாசிக்கு அரசு லாட்டரி, குதிரைப் பந்தயம், உரிமம் பெற்ற குத்துச்சண்டை அரங்குகள் என்று சில இடங்களே மிச்சம்.